நெஞ்சுக்கு ஒரு பேர்

நவம்பர் பிறந்துவிட்டால் கஸ்தெல்ரானா ஊரில் எதிரே வருகிறவன் உறவுக்காரனா கடன்காரனா என்று பக்கத்தில் வந்து இருமினால்தான் தெரியும். பனிமூட்டம் அப்படி. அறுத்துப்போட்ட மக்காச்சோளத் தட்டை வயலில் ஊறிக் கிடக்கும். மாட்டுக்கொட்டகைச் சாண வாடை நாள் முழுக்கத் தெருவை விட்டுப் போகாது. கார்ப் பந்தய டிராக்கில் வண்டிச் சத்தம் அடங்கி, பந்தயக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தையல்காரி ஒர்னெல்லாவுக்கு மட்டும் அந்த மாதத்தில்தான் வேலை கழுத்தை நெரிக்கும்.

பந்தயம் ஓட்டுகிற பிள்ளைகளின் உடைகள் மூட்டை மூட்டையாக அவளிடம் வரும். பணம் போட்ட கம்பெனிகளின் பேட்ஜ்களைப் பிரித்தெடுத்துவிட்டு, அடுத்த வருஷம் பணம் போடப்போகிற கம்பெனிகளின் பேட்ஜ்களைத் தைத்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும். தீப்பிடிக்காத துணி அது, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ஊசி மேல் அடுக்கை மட்டும்தான் பிடிக்க வேண்டும். உள் அடுக்கைத் தொட்டுவிட்டால் சோதனை செய்கிறவன் உடையையே தூக்கி எறிந்துவிடுவான். நூலும் தீயில் உருகாத நூல், விரலை அறுக்கிற முரட்டு நூல். அவள் ஆள்காட்டி விரல் நுனி காய்ப்பு ஏறி, கொதிக்கிற காப்பிக் குவளையைத் தொட்டாலும் சுடாத அளவுக்கு மரத்துப்போயிருந்தது. ஒர்னெல்லா தைத்த பேட்ஜைப் பிரிக்க ஒர்னெல்லாதான் வர வேண்டும் என்று டிராக்கில் பேச்சு உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

உடம்பில் எந்த இடம் யாருக்கு என்பதில் அங்கே குழப்பமே கிடையாது. பெரும்பணம் போட்டவனுக்கு நெஞ்சு. அடுத்தவனுக்குத் தோள். உறவுமுறைக்காக ஏதோ கொடுத்தவனுக்குக் கை. காலரில் டயர்க் கம்பெனி. இடுப்புப் பட்டையில்தான் ஓட்டுகிறவன் பேர், அதுவும் சின்ன எழுத்தில்.

"பையன் மூஞ்சியவே நான் பாத்ததில்ல," என்பாள் கீழே சலவைக்கடை வைத்திருப்பவளிடம். "நெஞ்சப் பாத்தாப் போதும். அடுத்த வருஷம் இருப்பானா, ஊர் போய்ச் சேருவானான்னு சொல்லிடுவேன்."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோசியம் சொன்னவள் தன் வீட்டுப் பிள்ளையின் உடையை மட்டும் மூட்டையின் அடியில் தள்ளி வைப்பாள். மகன் லோரிஸின் நெஞ்சு வெறும் வெள்ளையாக இருந்தது.

லோரிஸுக்குப் பதினெட்டு வயது. கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஓட்டிய காலத்தில் அந்தச் சமவெளி முழுக்க அவனை முந்த ஆளில்லை. மழை பெய்தால் இன்னும் மோசம், மற்ற பையன்களின் அப்பாக்கள் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் கோ-கார்ட்டுக்காகத்தான் வயலைப் பார்த்த ஜன்னல் வைத்த சொந்த வீடு போனது. இப்போது சலவைக்கடை மாடியில் வாடகை. அந்த வருஷம் ஃபெராட்சியின் பந்தய அணியில் ஒரு பையன் கையை முறித்துக்கொண்டபோது, பாதி வருஷத்துக்கு லோரிஸை ஃபார்முலா வண்டியில் உட்கார வைத்தார்கள். பழைய வண்டி, அடுத்தவன் தேய்த்த டயர். அதிலேயே இரண்டு பந்தயம் ஜெயித்தான். ஜெயித்தவனுக்குக் கோப்பை கொடுத்தார்கள், அடுத்த வருஷத்துக்கு வண்டியில் சீட்டு கொடுக்கவில்லை. ஃபெராட்சியிடம் இருப்பது இரண்டு வண்டி. ஒன்று வெளிநாட்டுப் பையன் ஒருத்தனுக்கு என்று முடிந்துவிட்டது. மிச்சமிருக்கிற ஒன்றுக்கு லோரிஸ் ஒரு பக்கம், தரை ஓடு ஆலைக்காரர் மகன் அக்கில்லே ஒரு பக்கம். அந்த ஒரு சீட்டு கிடைத்தால் மேலே போகலாம். கிடைக்காவிட்டால் பதினெட்டு வயதில் எல்லாம் முடிந்தது. ஒரு வருஷம் சும்மா இருந்த பையனை இந்தத் தொழிலில் யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

ஒரு நாள் மதியம் அவள் புருஷன் தாரியோ பால் லாரியை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்தான். விடியும் முன்னே கிளம்பிக் கொட்டகை கொட்டகையாகப் பால் எடுக்கிற வேலை அவனுக்கு. மேலெல்லாம் பாலும் டீசலும் கலந்த வாடை. ஒர்னெல்லா மக்காச்சோளக் களியைப் பலகையில் கொட்டி, பன்றித் தொத்திறைச்சியை மேலே வைத்தாள்.

"போன்ஃபதீனி பணம் போடுறேன்னு கை குடுத்துட்டாரு," என்றான் உட்காரும் முன்பே.

"கை குடுத்தாரா, வெறும் வாய் குடுத்தாரா?"

"கைதான். பார்ல அத்தன பேர் பாத்தாங்க. ரென்ஸோதான் நடுவுல நின்னு ரெண்டு பேர் கையையும் சேத்துப் புடிச்சு வெட்டிவிட்டான்."

மாட்டுச் சந்தையில் பேரம் முடிக்கிற முறை அது. நடுவில் நிற்கிறவன் சேர்ந்த கைகளைத் தன் உள்ளங்கை விளிம்பால் வெட்டிப் பிரித்துவிட்டால் முடிந்தது முடிந்ததுதான், அப்புறம் எழுத்து தேவையில்லை. ரென்ஸோ ஃபெராட்சி அணியில் மெக்கானிக். அவன் அப்பா மாட்டுத் தரகர், அதனால் அந்தக் கைப்பழக்கம் அவனுக்கு வரும். போன்ஃபதீனி மாட்டுத்தீவன ஆலை முதலாளி. சுற்று வட்டாரத்தில் அவர் தீவனம் தின்னாத மாடு இல்லை.

"என்ன கேக்குறாரு பதிலுக்கு?"

"நெஞ்சு. நடு நெஞ்சு. 'தோளு, கையி எல்லாம் எனக்கு வேணாம், டிவில வர்றப்ப என் மச்சானுங்க வயிறு எரியணும்'னாரு. பேட்ஜ் அவரே செஞ்சுக் கொண்டாறாராம், அடுத்த வாரம்."

ஒர்னெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எதுக்கு மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க? நல்ல சேதிதான?"

தாரியோ களியைப் பிட்டுக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "நேரா ஃபெராட்சிகிட்ட போனேன். தீவனக்காரர் ஒருத்தர் பத்தாதாம். 'ஊர்ப் பெரிய மனுசங்க மூணு பந்தயம் வந்து பாப்பாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, அப்பறம் மாட்டுக்குக் காய்ச்சல்னு போயிருவாங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்'னாரு. ரெண்டாவது ஆள் வேணுமாம்."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னுட்டேன்."

"எது இருக்கு?"

"ரெண்டாவது ஆள். பெரிய கம்பெனி ஒண்ணு பேசிட்டிருக்குன்னு சொல்லிட்டேன்."

"தாரியோ! எந்தக் கம்பெனி?"

"பேர் கேக்கல அவரு."

"கேக்கலன்னா? கேட்டிருந்தா பால் கம்பெனின்னு சொல்லியிருப்பியா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?" என்று கத்திவிட்டான். பக்கத்து அறையில் லோரிஸ் இருப்பது நினைவு வந்து குரலை இறக்கினான். "வெள்ளிக்கிழம டெஸ்ட். ரெண்டு பேரையும் ஓட்ட வச்சுப் பாக்கப் போறாரு. நம்ம புள்ள ஓட்டுறதப் பாத்துட்டா அந்தாளு மனசு கரைஞ்சிரும். ஒருக்கா வண்டில உக்காந்துட்டா நடுவுல யாரு எறக்கப்போறா? ரெண்டாவது ஆள் அதுக்குள்ள கெடைக்கமாட்டானா?"

ஒர்னெல்லா எழுந்து பக்கத்து அறைக் கதவைச் சாத்தினாள். அவளுக்குக் கோபம் புருஷன்மேல் இல்லை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன். பொய் சொல்லத் தெரியாதவன் சொல்கிற பொய்க்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதுதான் அவள் மனதில் ஓடியது. இரண்டாவது கம்பெனி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெறும் நெஞ்சோடு போய் நின்றால் குழந்தைகூட நம்பாது.

கிறிஸ்துமஸ் கேக் டப்பா ஒன்றில் அவள் பிரித்தெடுத்த பேட்ஜ்களைப் போட்டு வைத்திருந்தாள். திவாலான கம்பெனிகள், பந்தயத்தை விட்டுப் போன பையன்களின் அப்பாக்கள், மகனோடு சண்டை போட்ட மாமாக்கள், எல்லாரும் அந்த டப்பாவில் கிடந்தார்கள். கிளறிக் கிளறி அடியில் இருந்து ஒன்றை எடுத்தாள். லூமாட்டென் லிஃப்ட் கம்பெனி. வெள்ளி எழுத்து, சிவப்புக் கரை, கையகலத்துக்கும் மேல். எங்கேயோ வடக்கே இருந்து வந்த பையன் போட்டிருந்தது. அவன் பந்தயத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை அதைத் தைத்தாள். எப்போதும் போடுகிற தையல் போடவில்லை. அடுத்த வாரம் போன்ஃபதீனி தன் பேட்ஜோடு வருவார், அதற்குள் இதைப் பிரித்தாக வேண்டும். இறுக்கித் தைத்துப் பிரித்தால் துணியில் தடம் விழுந்துவிடும். அதனால் ஓட்டுத் தையலாக, நீளநீளமாக, நாலு விளிம்பிலும் தொட்டுத் தொட்டு விட்டாள்.

லோரிஸ் வந்து நின்று பார்த்தான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். எந்தச் சட்டையும் அவன் கைக்குப் பத்தாது.

"என்னம்மா இது?"

"ஒரு நாளைக்குத்தான்."

"யாரு இவங்க?"

"லிஃப்ட் செய்றவங்க."

"நமக்குக் காசு குடுத்தாங்களா?"

"குடுக்கல. பேர மட்டும் குடுத்தாங்க, அதுவும் அவங்களுக்குத் தெரியாது."

அவன் சிரிக்கவில்லை. "எங்க ரெண்டு பேர் டைமையும் பாத்தாப் போதாதா? அக்கில்லேவ விட எவ்வளவு வேகம்னு கடிகாரம் சொல்லாதா? நெஞ்சையுமா பாப்பாங்க?"

"டைமும் பாப்பாங்க."

"அப்ப அது போதும்மா. பிரிச்சிரு."

"போதாது கண்ணு. நான் தைக்கிறவ. எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை டிராக்கில் பனி விலகவே முற்பகல் ஆகிவிட்டது. அதுவரை எல்லாரும் வண்டிக் கொட்டகையில் குளிருக்குக் கால்களை உதைத்துக்கொண்டு நின்றார்கள். ஒர்னெல்லா ரொட்டிக்குள் பன்றிக்கறி வைத்துக் கொண்டுவந்ததை ரென்ஸோ நின்றபடியே தின்றான். அக்கில்லேவுக்கு அவன் வீட்டில் இருந்து ஒரு சமையல்காரரே வந்திருந்தார். ஆனாலும் அந்தப் பையன் நல்ல பையன், அதைச் சொல்லியாக வேண்டும். ஒர்னெல்லாவைப் பார்த்ததும் ஓடிவந்து வணக்கம் சொன்னான். தன் உடையில் தோள் பேட்ஜ் உறுத்தாமல் தைத்ததற்கு நன்றி சொன்னான். அவனை வெறுக்க முடியவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஃபெராட்சி கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, வாயில் அதிமதுர மிட்டாயை ஒதுக்கியபடி வந்தார். வயதான மனிதர், பிள்ளை குட்டி இல்லை. தாரியோவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தவர், லோரிஸ் குளிர்கோட்டைக் கழற்றியதும் நின்றுவிட்டார்.

"லூமாட்டெனா! என்ன தாரியோ, பெரிய கம்பெனின்னா இவ்வளவு பெருசுன்னு சொல்லவே இல்லையே! கமுக்கமான ஆளுய்யா நீ."

தாரியோ காதுவரை சிவந்தான். "இன்னும் முடியல முதலாளி... பேச்சுவார்த்த..."

"முடியாமலா பேட்ஜ் குடுப்பாங்க?" என்று சிரித்தவர் திரும்பிக் குரல் கொடுத்தார். "ரென்ஸோ! இவனுக்குப் புது டயர் போடு."

ரென்ஸோ ரொட்டியை விழுங்க மறந்து நின்றான். அக்கில்லே ஓட்டிக் கழற்றிய டயரைத்தான் லோரிஸுக்கு என்று எடுத்து வைத்திருந்தான். பேட்ஜைப் பார்த்த மாத்திரத்தில் பழைய டயர் ஓரம் போனது, ஒட்டிய லேபிள்கூடக் கிழிக்காத டயர் வந்தது. ஒர்னெல்லா இதை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கேக் டப்பாவில் கிடந்த ஒரு துண்டுத் துணிக்கு இவ்வளவு மரியாதையா என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷமாக அவள் பிள்ளை வேகத்தைக் காட்டிக் கேட்டுக் கிடைக்காத டயர் அது.

லோரிஸ் ஓட்டினான். ஓட்டினான் என்று சொன்னால் போதாது. அக்கில்லே பிரேக்கைத் தொடுகிற இடத்தில் இவன் காலை எடுக்கவே இல்லை. ஏரிப்பக்க வளைவில் எல்லாருடைய வண்டியும் ஒரு உதறு உதறும். இவன் வண்டி சத்தம்கூட மாறாமல் போனது. ரென்ஸோ கடிகாரத்தைக் கொண்டுவந்து ஃபெராட்சி மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது பையனா, பேயா?" என்றார் ஃபெராட்சி. தாரியோ ஒரு தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன்ஃபதீனி வந்தார்.

அடுத்த வாரம் வருகிறேன் என்றவர் பொறுக்க மாட்டாமல் அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார். கூட மனைவி, தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு. அவர் கக்கத்தில் மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒரு பொருள். லோரிஸ் வண்டியை விட்டு இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. போன்ஃபதீனி அவனைக் கட்டிப்பிடிக்கப் போனவர் பாதியில் நின்றார். அவர் கண் நெஞ்சில் இருந்தது.

"இது என்ன?"

லோரிஸ் அம்மாவைப் பார்த்தான்.

"சிஞ்ஞோரா, இது என்னன்னு கேட்டேன்," என்றார் ஒர்னெல்லா பக்கம் திரும்பி. கையில் இருந்த காகிதத்தைப் பிரித்தார். பச்சை நிறத்தில், நடுவில் தங்க நிற மாட்டுத்தலை, மேலே வளைவாக அவர் பேர். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. "நெஞ்சு எனக்குன்னு உங்க வீட்டுக்காரர் கை குடுத்தாரு. அந்த ரென்ஸோதான் வெட்டிவிட்டான். எல்லாம் சும்மாவா?"

"இல்லீங்க, அது வந்து..."

"இந்த லிஃப்ட்காரன் எவ்வளவு போட்டான்? என்னைவிட ஜாஸ்தியா? ஜாஸ்தின்னா சொல்லிருங்க, நான் மனுசந்தான், புரிஞ்சுக்குவேன். எனக்கு முன்னாடியே இவன் இருந்தானா, எனக்குப் பின்னாடி வந்தானா? அத மட்டும் சொல்லுங்க."

ஃபெராட்சி இரண்டடி தள்ளி நின்று மிட்டாயைச் சப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இது பொய்ப் பேட்ஜ், நெஞ்சு உங்களுடையதுதான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போன்ஃபதீனி நிற்பார், ஆனால் ஃபெராட்சி காதில் விழும். சொல்லாவிட்டால் ஃபெராட்சி நிற்பார், இந்த மனிதர் போய்விடுவார். ஒர்னெல்லாவுக்குப் பெரிய கம்பெனியை நம்பித்தானே ஃபெராட்சி புது டயர் கொடுத்தார், அந்தச் சந்தோஷம் பிள்ளை முகத்தில் இன்னும் காயவில்லையே என்று ஒரு நினைப்பு. இவரை நாளைக்கு வீட்டில் போய்ப் பார்த்துக் காலில் விழுந்தாவது சரிக்கட்டலாம் என்று ஒரு நினைப்பு. அவள் தரையைப் பார்த்தாள்.

"தோள்ல... தோள்ல நல்ல எடம் இருக்குங்க," என்றான் தாரியோ.

"தோளா?" போன்ஃபதீனி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவர் பேட்ஜை டயர் அடுக்கின்மேல் வைத்தார். "வச்சுக்குங்க. ஏதாவது மாட்டு முதுகுல தைச்சுப் போடுங்க."

இருவரும் ஈரப் புல்லில் கால் பதியப் பதியப் போனார்கள். யாரும் பின்னால் ஓடவில்லை.

மதியத்துக்கு மேல் காற்று எடுத்தது. லோரிஸ் மறுபடி ஓட்டிவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் லூமாட்டெனின் ஒரு முனை பிரிந்து காற்றில் படபடவென்று அடித்தது. ஓட்டுத் தையல், அவ்வளவு இழுப்புத் தாங்காது. அவன் கையால் அழுத்திப் பிடித்தான். ஃபெராட்சி பக்கத்தில் வந்து அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அந்த முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஒர்னெல்லா."

வந்தாள்.

"என் பசங்க துணி எல்லாம் உன் கைதான். முன்ன ஒரு பையன் வண்டி கவுந்து தீப்பிடிச்சுதே, அன்னைக்கு அவன் துணி கருகிப்போச்சு, நீ தைச்ச பேட்ஜ் பிரியல. நான் என் கண்ணால பாத்தேன்." முனையை விட்டார், அது மறுபடி அடித்துக்கொண்டது. "உன் சொந்தப் புள்ளைக்கு, நெஞ்சுல, இப்படியா தைப்ப நீ?"

அவள் கைத்திறமையே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"கழட்டப்போற பேட்ஜ்தான இது?"

"ஆமாங்க," என்றாள்.

ஃபெராட்சி கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார், போன்ஃபதீனியின் பச்சைப் பேட்ஜுக்குப் பக்கத்தில். "எனக்கு மட்டும் வேகமான பையன் புடிக்காதா? புடிச்சவன வச்சு லாரிக்கு டீசல் போட முடியலையேம்மா. ரென்ஸோவுக்குச் சம்பளம் குடுக்க முடியலையே. அக்கில்லே அப்பா ஒரு கையெழுத்துல வருஷத்த முடிச்சுக் குடுக்குறாரு. நான் என்ன பண்ண?"

"அவன் டைமப் பாத்தீங்கல்ல? நீங்கதான பேய்ன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். அதனாலதான் இப்ப வயிறு எரியுது."

மறுநாள் புருஷனும் மனைவியும் தீவன ஆலைக்குப் போனார்கள். மாவுத்தூசி பறக்கிற முற்றத்தில் நின்றபடியே போன்ஃபதீனி முழுவதையும் கேட்டார்.

"அப்ப நெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு."

"ஆமாங்க."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே. அந்தாளு காதுல விழுந்தா விழட்டும்னு சொல்லியிருந்தா, நான் அங்கயே ரெண்டு மடங்கு போட்டு அவன் வாய அடைச்சிருப்பேன். நெசமாச் சொல்றேன். எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது சிஞ்ஞோரா. என் பொண்டாட்டி முன்னாடி என்ன மரமாட்டம் நிக்க வச்சீங்க, அது தெரியும்." பக்கத்து மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். "கையெல்லாம் மறுபடி குடுக்க முடியாது. பையனுக்கு வேலை வேணும்னா அனுப்புங்க. அதுக்கு நான் எப்பவும் இருக்கேன்."

திரும்பி வரும்போது பால் லாரியில் இரண்டு மடங்கு என்ற சொல் ஒர்னெல்லாவின் காதிலேயே நின்றது. ஒரே ஒரு வார்த்தை. வாயில்தான் இருந்தது. பாவி, அதை விழுங்கிவிட்டாளே.

ஃபெராட்சி கெட்டவர் இல்லை, நல்ல மனதோடுதான் அடுத்ததையும் செய்தார். சீட்டை அக்கில்லேவுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்குச் சொல்லிக் கொடுக்க லோரிஸை வரச் சொன்னார். சாப்பாடு, போக வரப் பெட்ரோல் காசு, கைச்செலவுக்கு ஏதோ. வண்டியை லோரிஸ் கொஞ்சம் ஓட்டிச் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும், பிறகு அக்கில்லே ஓட்டுவான், இவன் சுவரோரம் நின்று எங்கே தப்பு என்று சொல்ல வேண்டும்.

"போகாதடா," என்றாள் ஒர்னெல்லா. "மானம் இல்லையா நமக்கு?"

"வண்டில உக்கார விடுறாங்கம்மா," என்றான். அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்?

குளிர்காலம் பூராவும் போனான். அக்கில்லேவின் அப்பா டிராக்கையே வாடகைக்கு எடுத்திருந்தார், நாள் கணக்குப் பார்க்காமல். ஆரம்பத்தில் லோரிஸ் திரும்பி வரும்போது சத்தம் கேட்கும். "அக்கில்லே ஏரிப்பக்க வளைவுல இன்னைக்கும் சுத்திட்டான்மா! கால எடுக்காதடான்னா எடுக்குறான்!" என்று சிரித்துக்கொண்டே படி ஏறுவான். தாரியோவும் சிரிப்பான். பார்த்தாயா, காசால் வாங்க முடியாதது ஒன்று இருக்கிறதல்லவா என்பதுபோல. அந்தச் சிரிப்பில்தான் அந்த வீட்டுக் குளிர்காலம் ஓடியது.

பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் வந்தான். களியில் பாலை ஊற்றிப் பிசைந்தான், சாப்பிடவில்லை.

"என்னடா?"

"அவனுக்கு வந்துருச்சும்மா."

"என்ன வந்துருச்சு?"

"ஏரிப்பக்க வளைவு. கால எடுக்காமப் போறான். என் டைமும் அவன் டைமும் ஒண்ணு." கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெனமும் ஓட்டுனான், வந்துருச்சு. புது டயர், புது டயர்னு மாத்தி மாத்தி ஓட்டுனான். எனக்கும் தெனமும் ஓட்டக் குடுத்திருந்தா நான் இன்னும் எங்க போயிருப்பேனோ. இல்ல, எனக்கு இருந்ததே அவ்வளவுதானோ. இனிமே அதத் தெரிஞ்சுக்கவே முடியாதும்மா."

தாரியோ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். சீட்டு போனபோதுகூட அவன் அப்படி நின்றதில்லை. ஒர்னெல்லாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். பணக்காரன் சீட்டைத்தான் எடுத்துக்கொண்டான் என்று நினைத்திருந்தார்கள். பிள்ளைக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான், அதுவும் நன்றி சொல்லிவிட்டு.

மார்ச்சில் வயல்களில் உழவு தொடங்கியது. லோரிஸ் தீவன ஆலைக்குப் போய்க் கேட்டான், அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். வரும்போது கையில் ஒரு வேலையுடுப்பு. அவன் தோளுக்கு ஏற்ற அளவில் கொடுத்ததில் இடுப்பு தொளதொளவென்று இருந்தது.

"இடுப்பக் கொஞ்சம் புடிச்சுக் குடும்மா. மிஷின்ல மாட்டிக்கும்னு சொன்னாங்க."

அவள் அதை மேஜையில் விரித்தாள். பச்சைத் துணி. நடு நெஞ்சில் தங்க நிற மாட்டுத்தலை, மேலே வளைவாக போன்ஃபதீனி. எந்த மிஷினிலோ அவசரமாக ஓட்டிய தையல், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருந்தது. ஒர்னெல்லா இடுப்பைத் தொடவே இல்லை. கத்தரியை எடுத்து அந்தப் பேட்ஜின் நூலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, அத எதுக்குப் பிரிக்கிற? அது கம்பெனி பேரு."

"கோணலா இருக்கு."

"மாவு மூட்ட தூக்கப் போறேன். யாரு பாக்கப் போறா?"

"அன்னைக்கு அவரு கேட்டப்ப நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா," என்றாள் குனிந்தபடியே, "இந்தப் பேரு வேற துணில இருந்திருக்கும். ரெண்டு மடங்கு போட்டிருப்பேன்னாரு. நாந்தான் வாயத் தொறக்கல. உன்கிட்ட இத யாரும் சொல்லல."

"அவரே சொன்னாரும்மா. இன்னைக்குச் சேர்றப்ப."

அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"புது டயர் போட்டு ஓட்டுனேன் பாரு அன்னைக்கு," என்றான். "அது உன் ஓட்டுத் தையலாலதான் கெடச்சுது. இல்லன்னா அதுவும் இல்ல."

அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகழுவப் போனான். அவள் தீயில் உருகாத நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். மாவு மூட்டை தூக்குகிறவனுக்கு அந்த நூல் தேவையே இல்லை. நடு நெஞ்சில் வைத்து, அளந்து, பிசகாமல், இனி யாராலும் பிரிக்க முடியாதபடி இறுக்கித் தைத்தாள்.